முதல் காய்கறித் தோட்டம்: விதைக்கு முன்னே திட்டம்

வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிடுவது நமது நாட்டு மக்களுக்குப் புதிய செய்தியன்று. கூரைமேல் சுரைக்கொடியும், கிணற்றடியில் வாழையும், வேலியோரத்தில் முருங்கையும் இல்லாத வீடு ஒரு காலத்தில் அரிதாகவே இருந்தது. 1952 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப் பெற்ற நாள் முதல் வீட்டுத் தோட்டம் என்னும் சொல் வட்டார அலுவலகங்களில் ஒலித்துக்கொண்டே வருகிறது. எனினும், நெல்லும் கரும்பும் செழிப்பாய் விளைவிக்கும் உழவர் வீட்டிலேயே கீரைக் கட்டும் கத்தரிக்காயும் கடையிலிருந்து வருவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அறிந்த தொழில் கைவிட்டுப் போனது ஏன்? இதனைச் சிந்தித்து, முதன்முறையாகத் தோட்டம் போட விரும்பும் குடும்பத்தினர் எவ்வாறு திட்டமிடல் வேண்டும் என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நாம் செய்த பிழை

முதலில் நமது பிழை ஒன்றைக் கூறிவிடுதல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் வீடுதோறும் காய்கறி விதைப் பொட்டலங்களை வழங்கினோம். கூட்டம் கூட்டி, கைதட்டலும் பெற்றோம். இத்தனை பொட்டலங்கள் வழங்கப்பட்டன என்று அறிக்கையும் அனுப்பினோம். மூன்று திங்கள் கழித்து வேறொரு பணியாக அவ்வூருக்குச் சென்றபோது தெருத் தெருவாக நடந்து பார்த்தோம். பயிர் நின்ற கொல்லைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருந்தது. சில வீடுகளில் பொட்டலம் பிரிக்கப்படாமலே எரவாணத்தில் செருகப்பட்டிருந்தது.

ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டியார், “ஐயா, விதையைக் கொடுத்தீர்கள், தண்ணீரை யார் கொடுப்பார்கள்? என் மருமகள் விடியலில் எழுந்து தெருக்குழாயில் குடத்தோடு நிற்கிறாள். அந்தத் தண்ணீர் உலைக்கா, கத்தரிக்கா?” என்று கேட்டார். நமக்கு விடை கூற இயலவில்லை. அக்கேள்வியை விதை வழங்கும் முன்னர் நாம் அன்றோ கேட்டிருத்தல் வேண்டும்? பொட்டலங்களை எண்ணினோமேயன்றிக் குடங்களை எண்ணவில்லை. வீட்டுத் தோட்டம் பட்டுப்போவதற்கு விதை காரணமாவது குறைவு; திட்டமின்மையே பெரும்பாலும் காரணமாகிறது.

தோட்டம் எதற்காக?

பழமும் காய்கறியும் சேர்ந்து ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராமுக்குக் குறையாமல் உண்ண வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இது 1,600 கிராம் ஆகிறது. நமது வீடுகளில் இத்தனை சமைப்பதில்லை. சோறு நிறைந்து, தொடுகறி குறைந்த இலையே பெரும்பான்மை. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தச் சோகை உடையோர் எனத் தெரிய வந்தது.

முதல் தோட்டமே இக்குறை அனைத்தையும் போக்கிவிடும் என்று நாம் கூறவில்லை. கருவுற்ற தாய்மார்கள் மருத்துவர் தரும் இரும்புச் சத்து மாத்திரைகளை நிறுத்தலாகாது. ஆனால் வாரத்தில் மூன்று நாள் கீரையும், இரண்டு மூன்று நாள் பறித்த மாத்திரத்தில் சமைத்த காயும் இலையில் விழுமாயின் அது சிறு நன்மையன்று. கீரையிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி ஆகியவற்றிலுள்ள உயிர்ச்சத்து துணை புரியும். உணவோடு காப்பியும் தேநீரும் பருகினால் அச்சத்து சேர்வது குறையும். இவ்வுண்மையைத் தோட்டத்தோடு சேர்த்தே வீட்டார் அறிதல் நலம்.

முதற்கணக்கு: தண்ணீர்

ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் நின்றால் அது ஒரு லிட்டராகும். வெயில் காலத்தில் காய்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் தேவை எனக் கொண்டால் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் வேண்டும். பத்து அடி நீளமும் நான்கு அடி அகலமுமான ஒரு பாத்தி 40 சதுர அடி, அஃதாவது சுமார் 3.7 சதுர மீட்டர். மூன்று பாத்திகளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் தேவைப்படும். குடம் 15 லிட்டர் கொள்ளுமாயின் நான்கு குடம். ஆறு பாத்திகளாயின் ஏழு எட்டுக் குடம்.

அந்த நான்கு குடத் தண்ணீர் எங்கிருந்து வரும், யார் சுமப்பார் என்பதை வீட்டிலுள்ள ஆண்களும் பெண்களும் ஒருங்கே அமர்ந்து முடிவு செய்தல் வேண்டும். பெண்கள் தலையில் நான்கு குடம் கூடுதலாக ஏற்றி வைத்துவிட்டு அதனை முன்னேற்றம் என்று கூறுவது முறையன்று. காலையில் இரண்டு குடம் ஆடவர், மாலையில் இரண்டு குடம் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் என்று பங்கிட்டுக்கொள்ளலாம். பங்கிட இயலாத வீட்டில் ஒரு பாத்தியோடு தொடங்குவதே அறிவுடைமை.

குடிப்பதற்கென்று ஊராட்சி விடும் குழாய் நீரைத் தோட்டத்திற்குப் பாய்ச்சலாகாது. அது அண்டை வீட்டாரின் பானையிலிருந்து எடுப்பதற்கு ஒப்பாகும். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் ஆகியவற்றை ஒரு தொட்டியில் சேர்த்து வைத்தால் பாத்திக்கு உதவும். சோப்பு கலந்த குளியல் நீரைக் கீரைப் பாத்தியில் விடாமல் சிறு வாய்க்கால் வழியே வாழைக்கும் கல்வாழைக்கும் செலுத்துதல் வேண்டும். காய்ந்த சருகையும் வைக்கோலையும் பயிரின் அடியில் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நெடுநேரம் நிற்கும், களையும் குறையும். களிமண் நிலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்சினாலும் போதும்.

இடம் தேர்தல்

எந்த மூலை சும்மா கிடக்கிறதோ அந்த மூலையில் தோட்டம் போடுவது வழக்கமாகிவிட்டது. அம்மூலை சும்மா கிடப்பதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். நிழலோ, கட்டடக் கல்லும் சுண்ணாம்பும் கொட்டிய மண்ணோ, தண்ணீர் தேங்கும் பள்ளமோ அதுவாகலாம். ஆதலின் மூன்று சோதனைகளைச் செய்தல் வேண்டும்.

முதலாவது, வெயில் சோதனை. காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி ஆகிய மூன்று வேளையும் நிழல் விழும் எல்லையில் குச்சி நட்டுப் பார்த்தல் வேண்டும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடமே காய்க்கும் பயிருக்கு ஏற்றது. அதனினும் குறைந்தால் கீரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, வடிகால் சோதனை. ஓரடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி, மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். நீர் அப்படியே நின்றால் பாத்தியை அரையடி உயர்த்தாமல் பயிரிடலாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே வேர் அழுகிவிடும்.

மூன்றாவது, நடைச் சோதனை. அடுக்களை வாயிலிலிருந்து தோட்டத்திற்கு எத்தனை தப்படி என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணில் படும் தோட்டமே கவனிக்கப்படும். வீட்டுக்காரர் உலை கொதிக்கும் நேரத்தில் வெளியே வந்து நான்கு வெண்டைக்காய் பறித்துச் செல்லத்தக்க தொலைவில் அது இருத்தல் நன்று. கழிப்பறைக் குழியின் கசிவு எட்டும் இடத்தில் பாத்தி அமைத்தல் கூடாது.

விதைக்கு முன்னர் வேலி. ஆடும் கோழியும் உலவும் ஊரில் வேலியில்லாத் தோட்டம் ஒரே பிற்பகலில் முடிந்துவிடும். கிளுவைப் போத்து நடலாம். ஆடு கடியாத ஆடாதொடையும் நொச்சியும் நெருக்கி நடலாம். அவை வளரும் வரை முள்ளோ பழைய மீன்வலையோ போதும்.

தோட்டத்தின் வரைபடம்

கிழக்கு மேற்காக 22 அடியும், தெற்கு வடக்காக 20 அடியும் உள்ள இடம் 440 சதுர அடி, அஃதாவது ஏறத்தாழ ஒரு சென்ட் ஆகும். இதற்கான திட்டத்தை இங்குத் தருகிறோம்.

வடக்கு ஓரத்தில் ஐந்தடி அகலத்தை நெடுநாட் பயிர்களுக்கு ஒதுக்குதல் வேண்டும். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஓர் அகத்தி, மூலையில் எருக்குழி. நமது நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் சற்றுத் தெற்கே சாய்ந்து செல்வதால், உயர்ந்த மரங்கள் வடக்கே நின்றால் பாத்திகளின்மேல் நிழல் விழுவது குறையும்.

எஞ்சிய 15 அடியில் நான்கடி அகலப் பாத்திகள் மூன்று வரிசை. வரிசைகளுக்கிடையே ஒன்றரை அடி நடைவழி. நடுவில் தெற்கு வடக்காக இரண்டடிப் பாதை விட்டால் அதன் இருபுறமும் பத்தடி நீளமாக மும்மூன்று பாத்திகள், ஆக ஆறு பாத்திகள் அமையும். பாத்தி நான்கடிக்கு மேல் அகலமாக இருத்தல் கூடாது. இரு பக்கத்திலிருந்தும் கை எட்டினால்தான் பாத்தியை மிதிக்காமல் களை எடுக்கலாம். மிதித்த மண் இறுகிவிடும்.

ஆறு பாத்திகளையும் முதற்பட்டத்திலேயே தொடங்கலாகாது. மூன்று பாத்திகளே முதல் ஆண்டுக்குப் போதும். ஏனைய மூன்றிலும் தட்டைப்பயறோ சணப்போ விதைத்து, பூக்கும் பருவத்தில் மண்ணிலே மடித்துவிட்டால் அடுத்த பட்டத்திற்கு நிலம் பண்பட்டிருக்கும். இப்பயிர்களை மழையை நம்பி விதைத்தால் குடமெடுத்து ஊற்ற வேண்டுவதில்லை.

பாத்தி ஒன்றுக்கு நன்கு மக்கிய தொழு உரம் பத்துக் கிலோ இட்டு, ஓரடி ஆழம் கொத்திக் கலத்தல் வேண்டும். மக்காத சாணத்தை இடுவோர் கரையானையும் வேர்ப்புழுவையும் விருந்துக்கு அழைப்பவராவர்.

மூன்று பாத்தி, மூன்று பயிர்

முதற்பாத்தி கீரைக்கு. பத்தடியை மூன்று பங்காகப் பிரித்து, முதற்பங்கில் இன்று முளைக்கீரை விதைத்தால், இரண்டாம் பங்கில் பத்து நாள் கழித்தும், மூன்றாம் பங்கில் மேலும் பத்து நாள் கழித்தும் விதைத்தல் வேண்டும். முதற்பங்கு 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். பறித்த இடத்தில் எருவிட்டு மீண்டும் விதைத்தால் கீரை தடையின்றிக் கிடைக்கும். ஒரே நாளில் முழுப் பாத்தியையும் விதைப்பவர் ஒரு வாரம் கீரையில் திளைத்து, மறு திங்கள் கடைக்குச் செல்வார். கீரை விதை மிக நுண்ணியது. மணலோடு கலந்து தூவி, மெல்லிய மண் போர்வையிட்டு, பூவாளியால் நீர் தெளித்தல் வேண்டும்.

இரண்டாம் பாத்தி கத்தரிக்கு. இரண்டடிக்கு ஒரு செடியாக இரண்டு வரிசையில் பத்துச் செடிகள் நிற்கும். இதற்கு நாற்றங்கால் வேண்டும். அடியில் துளையிட்ட பழஞ்சட்டி ஒன்று போதும். விதைத்த 30 முதல் 35 நாளில் நாற்று நடவுக்கு ஆயத்தமாகும். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்பது நம் முன்னோர் வாக்கு. ஆடித் தொடக்கத்தில் நடவேண்டுமாயின் ஆனித் தொடக்கத்திலேயே சட்டியில் விதை விழுந்திருத்தல் வேண்டும். ஆடி பிறந்தபின் விதை தேடுவோர் பட்டத்தைத் தவறவிடுவர். நடவை மாலை வேளையில் செய்தால் நாற்று வாடாது.

மூன்றாம் பாத்தி வெண்டைக்கு. விதையை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து நேரே ஊன்றலாம். ஒன்றரை அடி இடைவெளியில் மூன்று வரிசை, வரிசையில் அடிக்கு ஒரு செடி. ஆக முப்பது செடிகள். ஏறத்தாழ 45 நாளில் காய்ப்புத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிடில் காய் முற்றிச் செடியும் ஓய்ந்துவிடும்.

வேலியோரத்தில் ஒரு பாகல், ஒரு புடல், ஓர் அவரை போதும். குழிக்கு ஐந்து விதை ஊன்றி, முளைத்தபின் வலிமையான இரண்டை மட்டும் விடலாம். கொடிக்கும் தண்ணீர் உண்டு என்பதைக் குடக் கணக்கில் மறத்தலாகாது.

அடுத்த பட்டத்தில் பயிர்களை இடம் மாற்றுதல் வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று நின்ற பாத்தியில் மற்றொன்றை உடனே நட்டால் பழைய நோய் புதிய பயிரைப் பற்றும். கத்தரி நின்ற இடத்தில் கீரையோ கொத்தவரையோ வருதல் நன்று.

வயல் மருந்து வீட்டுக்கு வேண்டா

இப்பகுதியை உழவர் பெருமக்கள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மிச்சமிருந்ததை வீட்டுக் கத்தரியின்மேல் தெளித்துவிடும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. மருந்து தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள் இத்தனை என்று ஒவ்வொரு மருந்துக்கும் வரையறை உண்டு. வீட்டுத் தோட்டத்திலோ தினமும் பறிப்பு நடக்கிறது. காலையில் தந்தை தெளித்ததை அறியாமல் மாலையில் தாய் பறித்துக் குழம்பு வைக்கும் நிலை ஏற்படலாம். நஞ்சில்லாக் காய்க்காகப் போட்ட தோட்டமே நஞ்சுக்கு வழியாகலாமா?

முப்பது செடிகளைக் கையாலேயே காத்துவிடலாம். கத்தரியில் வாடித் தொங்கும் நுனிக்குருத்தைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே புழு இருக்கும். துளை விழுந்த காயோடு சேர்த்து அதனை அழித்துவிட வேண்டும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளித்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். அச்செடியைப் பிடுங்கி விடுதலே மருந்து. பாகலிலும் புடலிலும் ஈ கொட்டி விழுந்த காய்களைப் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும். மேலும் தேவைப்பட்டால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை வேளையில் தெளிக்கலாம்.

விதையும் கணக்கும்

முதற்பட்டத்தின் இறுதியில் நோயற்ற ஒரு கத்தரிச் செடியில் இரண்டு காய்களையும், நல்ல வெண்டைச் செடி இரண்டில் சில காய்களையும் முற்றவிட்டு விதை எடுத்து வைத்தல் வேண்டும். வீரிய ஒட்டு விதையில் விளைந்த காயின் விதை தாய்ச்செடி போல விளையாது. ஆதலின் விதை வாங்கும்போதே நாட்டு ரகமா, ஒட்டு ரகமா என்று கேட்டு வாங்குதல் நலம். உலர்த்திய விதையைச் சாம்பலில் கலந்து மூடி வைத்தால் அடுத்த பட்டத்திற்கு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பிள்ளைகளின் பழைய குறிப்பேடு ஒன்றில் விதைத்த நாள், முதற்பறிப்பு நாள், ஊற்றிய குடம், கிடைத்த காய் ஆகியவற்றை எழுதி வரல் வேண்டும். எழுதுவது பள்ளிப் பிள்ளையின் பொறுப்பாகட்டும். எந்தப் பயிர் தண்ணீருக்கு ஈடு தந்தது, எது தரவில்லை என்று ஓராண்டில் விளங்கிவிடும். நான்காம் பாத்தியைத் தொடங்கலாமா என்பதை அவ்வேடே கூறும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் மூன்று வீடுகளை முதலில் தேர்ந்தெடுக்கலாம். விதை தருமுன் அவ்வீடுகளின் தண்ணீரையும் வெயிலையும் வேலியையும் நேரில் பார்த்தல் வேண்டும். நிலமில்லாக் குடும்பத்தினருக்கு அங்கன்வாடியின் சுற்றுப்புறத்தையோ மகளிர் சுய உதவிக் குழுவினரின் பொது இடத்தையோ கருதலாம். தெருக்குழாய் அடியில் வீணே வழிந்தோடும் நீரைச் சிறு வாய்க்கால் வெட்டி ஒரு பொதுத் தோட்டத்திற்குத் திருப்பினால், கொசு வளரும் சேறும் நீங்கும். தொண்ணூறாம் நாள் அவ்வீடுகளுக்கு மீண்டும் சென்று, உயிரோடு நிற்கும் பாத்திகளை எண்ணிக் கிராம சபையில் கூறுதல் வேண்டும். பட்டுப்போன பாத்தியையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். அது ஏன் பட்டது என்பதே அடுத்த வீட்டாருக்குப் பாடமாகும்.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட சிற்றூருக்குப் பிற்பாடு மீண்டும் சென்றோம். இம்முறை பொட்டலம் கொண்டு செல்லவில்லை. குடக் கணக்கை மட்டும் கொண்டு சென்றோம். அம்மூதாட்டியாரின் வீட்டில் இரண்டு பாத்தி போதும் என்று முடிவாயிற்று. காலையில் மகன் ஒரு குடமும், மாலையில் பேரன் ஒரு குடமும் ஊற்றுவதென்றும், மீதியை அரிசி களைந்த நீரைக் கொண்டு ஈடுசெய்வதென்றும் பேசி முடித்தனர். பின்னர் ஒருநாள் அவ்வழியே சென்றபோது அவ்வம்மையார் நம்மை நிறுத்தி, ஒரு கைப்பிடி முளைக்கீரையைத் தாளில் சுற்றிக் கொடுத்து, “கணக்குச் சரியாக இருக்கிறது, ஐயா” என்றார்.

ஆனி மாதம் பிறப்பதற்குள் வெயில் எல்லையில் குச்சி நட்டுப் பாருங்கள். குடத்தை எண்ணுங்கள். வேலியைக் கட்டுங்கள். அதன்பின் விதையைக் கையில் எடுங்கள்.